பேக்கிங் லிஸ்டில் காணாமல்போன பூஜ்யம்: திருப்பூரில் ஒரு வேலைத் தேர்வு

பனியன் கம்பெனி அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெரிய நேர்முகத் தேர்வெல்லாம் பெரும்பாலும் இருக்காது. மேனேஜர் ஒரு தாளைக் கையில் கொடுப்பார், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொல்வார், அரை மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார். இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஓர் அரை மணி நேரத்தைப் பற்றியது. அதில் தோற்றுப்போன பெண் கணினியே தெரியாதவர் அல்ல. கையில் டிசிஏ என்ற கணினிப் படிப்பின் சான்றிதழ் இருந்தது, டைப்ரைட்டிங்கில் ஆங்கிலம் லோயர் பாஸ். இருந்தும் அவர் மேனேஜருக்கு அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தால் வேறொருவர் செய்த ஃபைல் இருந்தது.

மாலை வேளைகளில் வேலை தேடுகிறவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். அவர் என்னிடம் வந்தது இந்தத் தேர்வுக்குப் பிறகுதான். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளையோ கம்பெனியையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயர்களும் வேண்டாம்.

பின்னணி

வயது முப்பதுக்குப் பக்கம். அரசுப் பள்ளியில் காமர்ஸ் எடுத்து பிளஸ் டூ முடித்தவர். 2011-இல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதைப் பெற்ற முதல் மாணவர்களில் இவரும் ஒருவர். அந்த மடிக்கணினியில் தம்பி படம் பார்த்தான், அப்புறம் சார்ஜர் போனது, அதோடு சரி. படிப்பு முடிந்ததும் தையலுக்குப் போனார். முதலில் கைமடிக்கிற வேலை, பிறகு ஓவர்லாக் மெஷின், பிறகு பேட்லாக் மெஷின் என்று ஒன்பது வருடத்துக்கு மேல். கழுத்தும் இடுப்பும் வலிக்க ஆரம்பித்து, குனிந்தபடி நாள் முழுக்க உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அலுவலக வேலை என்ற எண்ணமே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கணினிப் பயிற்சி மையத்துக்குப் போய் டிசிஏ முடித்தார்.

அங்கே என்ன கற்றார் என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கணினியின் தலைமுறைகள், உள்ளீட்டுக் கருவிகள், வெளியீட்டுக் கருவிகள், வேர்டில் ஒவ்வொரு மெனுவின் கீழும் என்னென்ன இருக்கின்றன, எக்செலில் என்னென்ன இருக்கின்றன, பவர்பாயின்ட்டில் எழுத்து பறந்து வருவது எப்படி. தேர்வும் அதே மாதிரிதான்: 'மெயில் மெர்ஜ் என்றால் என்ன, விளக்குக.' ஒரு கணினிக்கு மூன்று பேர். வகுப்பு முடிந்தால் செய்ததையெல்லாம் அழித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பேட்ச் வெளியே நிற்கும். ஆக, அந்த ஆறு மாதத்தில் இவருக்கென்று ஒரு ஃபைல்கூட இருந்ததில்லை. ஒன்றைச் சேமித்து வைத்து, மறுநாள் வந்து தேடி எடுத்து, திருத்தி, இன்னொருவருக்கு அனுப்பிய அனுபவம் கிடையாது.

பிற்பாடு நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த அரை மணி நேரம்

கொடுக்கப்பட்ட தாளில் இருந்தது ஒரு சிறிய பேக்கிங் லிஸ்ட். அமெரிக்க பையருக்கு, அதாவது ஆடைகளை வாங்குகிற நிறுவனத்துக்கு, போகிற டி-ஷர்ட் ஆர்டர். எந்த அட்டைப்பெட்டியிலிருந்து எந்தப் பெட்டி வரை எந்த நிறம், பெட்டிக்கு எத்தனை பீஸ், ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய பார்கோடு எண், ஷிப்மென்ட் தேதி. இதை எக்செலில் ஏற்றி, மொத்தம் போட்டு, பிடிஎஃப் ஆக்கி, மேனேஜரின் முகவரிக்கு மெயில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

டைப் அடிப்பதில் அவருக்குத் தடையே இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே கீபோர்டைப் பார்க்காமல் அடித்திருக்கிறார். மேனேஜர் அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டதாகவும் சொன்னார்.

முதல் சறுக்கல் கூட்டலில். கட்டங்களில் எண்களை அடித்துவிட்டு, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து கால்குலேட்டரில் கூட்டி, வந்த விடையை மொத்தம் என்ற கட்டத்தில் அடித்தார். எக்செலில் கூட்டல் ஃபார்முலா இருப்பது அவருக்குத் தெரியும், நோட்டில் எழுதியிருக்கிறார். அதை இங்கே போடலாம் என்று தோன்றவில்லை. மொத்தம் சரியாகத்தானே வருகிறது, எதில் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். ஏற்றுமதி அலுவலகத்தில் பேக்கிங் லிஸ்ட் ஒருமுறை எழுதி முடிகிற சமாச்சாரம் அல்ல. பேக்கிங்கிலிருந்து போன் வரும், 'ரெண்டு பெட்டி ரிஜெக்ட் ஆயிருச்சு, மாத்துங்க' என்பார்கள். ஃபார்முலா போட்டிருந்தால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், மொத்தம் தானாக மாறிவிடும். கையால் அடித்த மொத்தம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் பார்ப்பதற்குச் சரியானது போலவே இருக்கும்.

அவருடைய மொத்தம் சரியாகவும் இல்லை. பெட்டி 1 முதல் 40 வரை, பெட்டிக்கு 24 பீஸ், ஆக 960. அது சரி. அடுத்த வரி பெட்டி 41 முதல் 75 வரை. எழுபத்தைந்தில் நாற்பத்தொன்றைக் கழித்தால் 34. அவர் அதை 24-ஆல் பெருக்கி 816 என்று போட்டார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 41 முதல் 75 வரை 35 பெட்டிகள் இருக்கின்றன. 840 வர வேண்டும். அதற்கும் அடுத்த கடைசிப் பெட்டியில் உதிரி 17 பீஸ். 1817 என்று வர வேண்டிய இடத்தில் 1793 வந்தது. ஒரு பெட்டி, 24 பீஸ், தாளிலிருந்து மறைந்துவிட்டது. முடிகிற எண்ணிலிருந்து தொடங்குகிற எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்ட வேண்டும் என்ற இந்தச் சின்னக் கணக்கில் பட்டதாரிகளும் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் ஃபார்முலாவாக எழுதி, கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிக்கும் ஒரே விதி. மனிதர் களைப்பில் மறப்பார், ஃபார்முலா மறக்காது.

இரண்டாவது சறுக்கல்தான் எனக்கு மிகவும் சுவாரசியமானது, ஏனென்றால் அதில் அவர் செய்த காரியம் எல்லாமே சரி. பார்கோடு எண்ணைத் தாளில் இருந்தபடியே அடித்தார். அமெரிக்கக் கடைகளில் பயன்படும் பார்கோடு எண்கள் 12 இலக்கம். பல எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை ஓர் எண் என்று எடுத்துக்கொண்டு, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று அதை நீக்கிவிடும். மிச்சம் 11 இலக்கம். எக்செலின் சாதாரணக் கட்டம் 11 இலக்கம் வரை எண்ணை முழுசாகக் காட்டும். 12 இலக்கம் ஆகிவிட்டால் நடுவில் புள்ளியும் பக்கத்தில் ஈ என்ற எழுத்தும் கூட்டல் குறியுமாக ஏதோ விஞ்ஞானக் கணக்குபோலக் காட்டும். அதைப் பார்த்தால் யாருக்கும் ஏதோ தப்பு என்று உறைக்கும். பூஜ்யம் போன 11 இலக்க எண்ணோ ரொம்ப ஒழுங்காக, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எண்ணிப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. இந்த எண்ணோடு ஸ்டிக்கர் அச்சாகிப் போனால் பையரின் கிடங்கில் ஸ்கேன் ஆகாது.

தீர்வு சுலபம்தான். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை அடிக்க வேண்டும். அடித்து முடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது. செல்போன் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால், அது எண்போலத் தெரிந்தாலும் பெயர் மாதிரிதான் என்று சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 16 இலக்க எண்களில் இன்னொரு விபரீதம் உண்டு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். டெபிட் கார்டு எண் பட்டியல் ஒன்றில் எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்திருந்தால் காரணம் இதுதான்.

தேதியிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. பையர் 04/07 என்று எழுதியிருந்தார். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், ஆகவே அது ஏப்ரல் 7. நம் ஊர் முறையில் அமைத்த கணினி அதை ஜூலை 4 என்று எடுத்துக்கொள்ளும். மேனேஜர் இதை வேண்டுமென்றேதான் தாளில் வைத்திருக்கிறார். தெரிந்தவர் யார் என்று பார்ப்பதற்கு அல்ல, 'இது எந்த மாசங்க?' என்று கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. இவர் கேட்கவில்லை. "கேட்டா தெரியாதவன்னு நெனைச்சுக்குவாங்கன்னு பயந்துட்டேனுங்க சார்" என்றார் என்னிடம்.

ஃபைல் எங்கே போனது

இதெல்லாம் நடந்தும் வேலை கிடைத்திருக்கலாம். மேனேஜர் அப்படித்தான் சொன்னார். பெட்டிக் கணக்கையும் பூஜ்யத்தையும் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். வேலை போனது மெயிலில்.

அவர் ஃபைலைச் சேமித்தபோது எக்செல் தானாக வைத்த பெயரையே விட்டுவிட்டார்: புக்1. அது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தது. பிடிஎஃப் ஆக்குவதை மறந்துவிட்டார். பிறகு மெயிலைத் திறந்து, இணைப்பதற்கான பேப்பர் கிளிப் குறியை அழுத்தினார். திறந்த ஜன்னல் டெஸ்க்டாப்பைக் காட்டியது. அங்கே புக்1 என்று ஒரு ஃபைல் இருந்தது. காலையில் தேர்வு எழுதிவிட்டுப் போன வேறொருவர் விட்டுச் சென்றது. இவர் அதைத் தன்னுடையது என்று நினைத்து இணைத்து, சப்ஜெக்ட் எதுவும் எழுதாமல், உள்ளே ஒரு வரியும் எழுதாமல், அனுப்பிவிட்டார். மேனேஜர் திறந்து பார்த்தார். உள்ளே வேறொருவர் பெயர்.

"வேற ஏதாச்சும் தப்புன்னா பொறுத்துக்கலாமுங்க. ஒரு பையரோட ரேட் ஷீட் இன்னொரு பையருக்குப் போயிருச்சுன்னா என்ன பண்றது?" மேனேஜர் போனில் கேட்டது இது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விலைப்பட்டியல் மாறிப் போவது ஏற்றுமதி அலுவலகங்களின் தீராத பயம்.

ஏன் இப்படி ஆனது? அவர் செல்போனில் கெட்டிக்காரர். மளிகைக் கடையில் கியூஆர் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார், மகனின் பள்ளிக் கட்டணத்தை ஆப்பில் கட்டுகிறார், வாட்ஸ்அப்பில் நொடியில் படம் அனுப்புகிறார். ஆனால் ஒரு பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் செல்போன் நம்மிடம் கேட்பதே இல்லை. கேலரியைத் திறந்தால் கடைசியாக எடுத்த படம் மேலே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பப் போனால் சமீபத்தியவை வரிசையாக நிற்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபைல், இதே பெயரில் இன்னோர் இடத்தில் இன்னொரு ஃபைல் என்ற அமைப்பே அவருக்குப் புதிது. இன்றைக்கு வேலை தேடி வருகிற இளைஞர்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பொறியியல் படித்தவர்களும் இதில் உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

மெயில் ஐடி யாருடையது

தேர்வுக்கு முந்தைய ஒரு கதையும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. அவருக்கு ஒரு மெயில் முகவரி இருந்தது. டைப்ரைட்டிங் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோது பிரவுசிங் சென்டர்க்காரர் உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. மீட்பதற்கான செல்போன் எண்ணும் சென்டர்க்காரருடையது, ஆகவே ஓடிபி அங்கேதான் போகும். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கம்பெனி அந்த முகவரிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவர் அதைப் பார்த்தது வாரங்கள் கழித்து, வேறொரு வேலைக்காக மறுபடி சென்டருக்குப் போனபோது.

இந்த விஷயம் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் உண்டு. சென்டர்க்காரர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பேர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவு, மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைத் தளம், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எல்லாமே செல்போன் எண்ணையும் மெயிலையும் நம்பித்தான் நிற்கின்றன. அந்தச் சாவி அடுத்தவர் கையில் இருக்கும்போது, சாவியை மீட்பதுதான் முதல் பாடம். ஆகவே என்னிடம் வந்ததும் எக்செலைத் தொடவில்லை. புது மெயில் ஐடி, அவருடைய எண், அவர் மனதில் நிற்கிற ஒரு நீளமான பாஸ்வேர்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு. ஐடியில் பெயரும் இனிஷியலும் மட்டும். முந்தையதில் 'ஸ்வீட்டி' என்று ஒரு சொல் இருந்தது, சென்டர்க்காரரின் கைவண்ணம்.

அதே சமயத்தில் அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஒரு செய்தியையும் காட்டினார்: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய், முதலில் பதிவுக் கட்டணம். இதில் பணத்தோடு போகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடித்துக் கொடுத்ததில் பிழை அதிகம் என்று சொல்லி, வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி மிரட்டிப் பணம் கேட்பார்கள். வேலை கொடுப்பவர் ஆளிடம் பணம் கேட்க மாட்டார் என்று சொல்லி, சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணையும் அவர் போனில் ஏற்றிவைத்தோம்.

என்ன சொல்லிக்கொடுத்தோம்

ஃபோல்டரில் தொடங்கினோம். அவர் பெயரில் ஒரு பென் டிரைவ், அதில் வருடம், அதற்குள் பையர், அதற்குள் ஆர்டர் எண். பெயர் வைக்கும்போது என்ன, யாருக்கு, எந்தத் தேதி என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'ஃபைனல்', 'புதுசு', 'கடைசி ஃபைனல்' இதெல்லாம் கூடாது. ஒரே ஃபைலை நகலெடுப்பது, வேறிடத்துக்கு நகர்த்துவது, பெயர் மாற்றுவது, தேடுவது, தவறாக அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுப்பது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நிறைய நேரம் இதற்குத்தான் செலவானது, கவலைப்படவில்லை.

மெயிலில் ஒரே ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். இணைத்த பிறகு, அனுப்புவதற்கு முன், இணைப்பைத் திறந்து பார்ப்பது. அப்புறம் சப்ஜெக்ட், அப்புறம் இரண்டு வரி, கடைசியாகத்தான் பெறுநர் முகவரி. முகவரியைக் கடைசியில் போட்டால் அரைகுறையாக மெயில் போகவே போகாது. ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று ரொம்பப் பயந்தார். பேக்கிங் லிஸ்ட் இணைத்திருக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு எளிய வாக்கியம் போதும். அலுவலக மெயில்களில் முக்கால்வாசி இந்த மாதிரி ஏழெட்டு வாக்கியங்களின் மறுபதிப்புதான். அவற்றைத் தனி ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டார். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது, அதற்கு மேல் என்றால் டிரைவ் லிங்க்காக அனுப்ப வேண்டும், அனுப்பினால் பார்க்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் போகிற போக்கில் வந்தது.

எக்செலுக்குப் பாடப்புத்தகம் எடுக்கவில்லை. பையர் பெயரை நீக்கிய பழைய பேக்கிங் லிஸ்ட்களையே கொடுத்தேன். அங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தத் தாள்களில் இருந்த தவறுகளை அவர் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். "சார், இந்த ஸ்டைலுக்கு மீடியத்தை விட டபுள் எக்ஸ்எல் ஜாஸ்தியா இருக்குது, அப்படி ஆர்டர் வராதுங்களே, கட்டம் மாறியிருக்குமுங்க" என்றார். மாறித்தான் இருந்தது. எந்த அளவு எந்த விகிதத்தில் வெட்டுவார்கள், ஒரு பெட்டியில் எத்தனை பீஸ் அடங்கும், எந்தத் துணி என்ன எடை வரும் என்பதெல்லாம் தையல் லைனில் உட்கார்ந்தே அவருக்குப் பழகியிருக்கிறது. குறுக்கே ஒரு மொத்தம், நெடுக ஒரு மொத்தம், இரண்டும் ஒரே எண்ணில் முடிய வேண்டும் என்று காட்டியபோது, செக்கிங்கில் உட்புறம் ஒருமுறை வெளிப்புறம் ஒருமுறை பீஸைத் திருப்பிப் பார்ப்பதுபோலத்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரின் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தால், தையல் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அனுபவம் என்ற இடத்தில் 'ஃபிரெஷர்'. சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்ற அர்த்தத்தில் எங்கிருந்தோ வந்த ஆங்கில வாக்கியம், அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. ஏன் தையலை எழுதவில்லை என்று கேட்டேன். ஆபீஸ் வேலைக்குப் போகும்போது டெய்லர் என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. திருப்பூரில் ஏற்றுமதி ஆவணம் பார்க்கிற இடத்துக்கு ஒன்பது வருடம் லைனில் இருந்தவர் வருகிறார் என்றால் அதுதான் முதல் வரியில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் திருத்தி எழுதினோம்: என்னென்ன மெஷின், எந்த வகை ஆடை, அடுத்ததாக எக்செலில் எதை யார் உதவியும் இல்லாமல் செய்ய முடியும், மெயில், டைப்பிங். டிசிஏ கடைசியில். மதமும் பொழுதுபோக்கும் போயின. பெயரும் பணியும் சேர்ந்த ஃபைல் பெயரோடு பிடிஎஃப். வேர்டு ஃபைலாக அனுப்பினால் அடுத்தவர் கணினியில் எழுத்துரு மாறி வரிகள் கலைந்துபோகும். தமிழில் எழுதியது என்றால் இன்னும் மோசம். யூனிகோடில் அல்லாமல் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

அரசு வேலைப் பக்கம்

எல்லோரையும் போல அவருக்கும் குரூப் 4 ஆசை உண்டு. அங்கே கேட்கிற திறமை வேறு. தட்டச்சர் பணிக்கு டைப்ரைட்டிங் சான்றிதழ் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சிஓஏ என்ற அலுவலகக் கணினிச் சான்றிதழும் வேண்டும், இல்லாதவர்கள் வேலையில் சேர்ந்து தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிவிட வேண்டும். அவர் முடித்திருந்த லோயர் என்பது நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45 சொல். தனியார் கம்பெனியில் இந்த வேகத்தை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. டிசிஏவும் சிஓஏவும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒன்றல்ல.

விண்ணப்பத்தில் மட்டும் ஒரு கணினித் திறமை கட்டாயம் தேவைப்படுகிறது. புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். செல்போனில் எடுத்த படம் பல ஆயிரம் கேபி இருக்கும். படத்தை வெட்டுவது, அளவைக் குறைப்பது, எத்தனை கேபி ஆகியிருக்கிறது என்று பார்ப்பது, இந்த மூன்றும் தெரிந்தால் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்க வேண்டாம். பெயின்ட் மென்பொருளிலேயே செய்யலாம். டிசிஏ வகுப்பில் பெயின்ட் வைத்து வீடு, மரம், சூரியன் வரையச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் ஆறு கோடி குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் 20 மணி நேரப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். கணினியை இயக்குவது, இணையம், மெயில், பணம் செலுத்துவது எல்லாம் பாடத்தில் இருந்தன. பயம் போவதற்கு 20 மணி நேரம் போதும். வேலைக்கு உட்கார்ந்து ஓர் ஆவணத்தைப் பிழையில்லாமல் அனுப்புவதற்குப் போதாது என்பது நான் வகுப்பில் பார்க்கிற உண்மை.

இரண்டாவது தேர்வு

வேறொரு கம்பெனியில், டெஸ்பேட்ச் பிரிவில். பயோடேட்டாவில் தையல் அனுபவத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள், அதைக் கூப்பிட்டவரே சொல்லியிருக்கிறார். அங்கே தேர்வு வேறு மாதிரி. ஒரு பழைய எக்செல் ஃபைலைக் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்டார்கள். மூன்று தவறுகளில் இரண்டைக் கண்டுபிடித்தார். மூன்றாவது, மறைத்து வைத்திருந்த ஒரு வரி. இடது ஓரத்து வரி எண்களின் வரிசையில் இடையில் ஒன்று தாவியிருந்தால் அங்கே வரி மறைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தேதியைப் பார்த்ததும் இது அமெரிக்க பையருங்களா, ஐரோப்பாவுங்களா என்று கேட்டிருக்கிறார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நல்ல டெய்லர் சனிக்கிழமை தோறும் வாங்குவதைக் கூட்டிப் பார்த்தால், இந்த மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு. கணினி கற்றால் வருமானம் உயரும் என்று பயிற்சி மையங்களின் போஸ்டர்கள் சொல்வதைத் திருப்பூரில் அப்படியே நம்ப முடியாது. கழுத்து வலி இல்லாதிருந்தால் அவர் தையலை விட்டிருக்க மாட்டார், விடவும் தேவையில்லை. வேலை தேடி வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சிலர் அதைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு அவருக்குக் கஷ்டமாக இருப்பது இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு பையரும் தனக்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் ஏற்றும் முறை வேறு. அதை வேலையிலேயே பழகிக்கொள்வதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, பையர் அனுப்பிய ஆர்டர் பட்டியலையும் பேக்கிங் லிஸ்டையும் தினமும் சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுகிறார். போன வாரம் போன் செய்து, டேலி கத்துக்கட்டுங்களா, எல்லா விளம்பரத்திலும் டேலி கேக்கறாங்களே என்றார். கணக்குப் பிரிவுக்கு மாறப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அப்படியானால் டேலி இப்போதைக்கு வேண்டாம், எக்செலில் விலுக்கப் என்ற ஃபார்முலாவைக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பட்டியலையும் அதுவே ஒப்பிட்டுக் கொடுக்கும், ஆனால் இரண்டு பக்கமும் பார்கோடு டெக்ஸ்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு பக்கம் எண்ணாகவும் இன்னொரு பக்கம் டெக்ஸ்டாகவும் இருந்தால் ஒன்றுகூடப் பொருந்தாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஃபைலையும் பென் டிரைவில் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். பையர் பெயரையும் விலையையும் எடுத்துவிட்டு, மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.